பெட்ரோல் பிரஷர் வாஷர்: முதலில் தண்ணீர், அப்புறம் கயிறு

வாட்டர்சர்வீஸ்:
எத்தனை எச்பி என்று கேட்டுத்தான் எல்லோரும் பெட்ரோல் வாஷர் (எஞ்சினால் பம்பை ஓட்டி, தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் மெஷின்) வாங்குகிறார்கள். ஆனால் பழுதாகி மேசைக்கு வருவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, பம்பு. அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர் போதாமல் செத்த பம்பு.

வீட்டுக்கும் பண்ணைக்கும் வழக்கமாக வருவது 196 சிசி எஞ்சின், 200 பார் அழுத்தம், நிமிடத்துக்கு ஒன்பது பத்து லிட்டர் தண்ணீர். கடையில் "இருநூறு கிலோ" என்பார்கள். பாரும் கிலோவும் ஏறக்குறைய ஒன்றுதான். பம்பு துப்புவதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே வரவேண்டும். சோதிக்க எளிய வழி: வாஷரில் மாட்டப்போகும் ஓசின் முனையில் 20 லிட்டர் கேனை வையுங்கள். 80 நொடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது, தாராளம். இரண்டு நிமிடம் ஆனால் போதாது. மாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்சு ஓசில் எடுத்தால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்; முக்கால் அல்லது ஒரு இஞ்சு ஓசுக்கு மாறுங்கள், நீளத்தைக் குறையுங்கள்.

தண்ணீரைத் திறந்து, நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை) மாட்டாமல் கன்னின் (கைப்பிடித் துப்பாக்கியின்) ட்ரிக்கரை அழுத்திப் பிடியுங்கள். காற்று துப்பித் துப்பி வரும். ஒரே சீராகத் தண்ணீர் ஒழுகும்வரை விடவேண்டாம். பிறகு நாசிலை மாட்டி, லாக் விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் காக்கைத் திறந்து, சோக் போட்டு, ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்ட பிறகுதான் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்கவேண்டும். இழுக்கவே முடியாமல் கயிறு கையை வெட்டினால் எஞ்சின் ஜாம் இல்லை, அழுத்தம் விடவில்லை என்று அர்த்தம்.

எஞ்சினே கிளம்பவில்லையா? ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்தும் சென்சார் பல எஞ்சின்களில் உண்டு. சாய்வான தரையில் வைத்தாலும் அது நிறுத்திவிடும். ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சினில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்கவேண்டும்.

மொட்டைமாடி:
ஒன்றைச் சேர்க்கிறேன். ட்ரிக்கரை விட்டுவிட்டு எஞ்சினை ஓடவிட்டபடி போன் பேசாதீர்கள். தண்ணீர் வெளியே போகாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிடம்தான் கணக்கு, அதற்கு மேல் என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். சுமார் 60 டிகிரியில் திறக்கும் வால்வு வழியே பம்புக்கு அடியில் வெந்நீர் சொட்டினால் அது லீக் இல்லை, எச்சரிக்கை.

மழை முடிந்து மாடிப் பாசியைக் கழுவுகிறவர்களுக்கு: தட்டோடு பதித்த மாடியில் சிவப்பு நாசிலை (0 டிகிரி) எடுக்கவே வேண்டாம், மஞ்சளும் (15) வேண்டாம். வெள்ளை (40), ஒரு அடி தூரம். பிடிவாதமான பாசிக்கு மட்டும் பச்சை (25). இணைப்புச் சந்தின் நீளவாக்கில் அடித்தால் சாந்து பெயர்ந்து வந்துவிடும், குறுக்கே அடியுங்கள். சாந்து பெயர்ந்தால் மாடி பளிச்சென்று இருக்கும், ஆனால் அடுத்த மழையில் கீழே சீலிங் ஊறும். மேட்டிலிருந்து வாட்டத்தைப் பிடித்து இறங்குங்கள். மழைநீர்க் குழாய் சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போகிறது என்றால் முதலில் அதைத் திருப்பிவிடுங்கள். பாசியும் பிளீச்சிங் பவுடரும் குடிதண்ணீரில் கலக்க வேண்டாம். பிளீச்சிங் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்.

கோழிப்பண்ணை_நாமக்கல்:
ஷெட்டுக்குள் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் கம்பிவலைதானே, காற்று போகுமே என்பார்கள். படுதா இறக்கியிருந்தால் போகாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வாருங்கள். மெஷினை வெளியே, புகை ஷெட்டைவிட்டு விலகிப் போகும்படி காற்று போகும் திசையில் நிறுத்தி, 20 அல்லது 30 மீட்டர் பிரஷர் ஓசை உள்ளே இழுங்கள். கொஞ்சம் அழுத்தம் குறையும், பரவாயில்லை. அடித்தள பார்க்கிங்கிற்கும் இதே விதிதான்.

ஓஸ் சைலன்சரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபேன் மோட்டாரைப் பாலித்தீனால் மூடுங்கள். சோப்பைக் கீழிருந்து மேலே அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மேலிருந்து கீழே கழுவினால் கோடு விழாது. கறுப்பு நாசில் போட்டால்தான் சோப்பு உறிஞ்சும். மற்ற நாசிலில் அழுத்தம் அதிகம், சோப்பை உறிஞ்சும் இன்ஜெக்டர் இழுக்காது. "சோப்பு வரவில்லை" என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

பம்புமெக்கானிக்:
அழுத்தம் குறைந்தால் அன்லோடர் (ட்ரிக்கரை விட்டதும் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே திருப்பும் வால்வு) குமிழைத் திருகி இறுக்குகிறவர்கள் கவனிக்கவும். அது அழுத்தத்தைக் கூட்டும் திருகு இல்லை, பம்பைக் காப்பாற்றும் திருகு.

முதலில் நாசில் எண்ணை (ஓட்டையின் அளவு) பாருங்கள். மேலே சொன்ன அளவு மெஷினுக்கு 3.0 சரி. அதில் 4.0 மாட்டினால் 190 பார் அளவில் இருந்தது 110க்கு வந்துவிடும். தேய்ந்த நாசிலும் ஓட்டை பெரிதான நாசில்தான். எண் சரியென்றால் இன்லெட் ஃபில்டரைக் கழற்றுங்கள்; போர் தண்ணீரில் மணல் அடைத்திருக்கும். அழுத்தம் ஏறி ஏறி இறங்கி, எஞ்சினும் கூடவே உறுமினால் இரண்டே காரணம்தான் அதிகம்: நாசில் அடைப்பு, அல்லது தண்ணீர் உள்ளே வரும் ஓசின் இன்லெட் கிளிப்பில் காற்று இழுப்பது. கிளிப்பின் மேல் தண்ணீர் ஊற்றும்போது உறுமல் மாறினால் கிளிப்தான். பம்பு ஆயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது, அதற்குமேல் ஓட்டக்கூடாது.

கோழிப்பண்ணை_நாமக்கல்:
கம்பூட் போடாமல் இறங்காதீர்கள் என்பதையும் எழுதியிருக்கவேண்டும். செருப்புக் காலில் சேறு போக ஜெட் அடித்துக் கழுவுகிறார்கள்! தோலைத் துளைத்தால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் சோப்பும் சதையைப் பிளந்து போயிருக்கும். பேண்டேஜ் ஒட்டிவிட்டு வேலை பார்க்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அப்போதே போங்கள். "பிரஷர் வாஷர் அடித்தது" என்று சொல்லி, எந்தக் கெமிக்கல் என்று பாட்டிலையும் காட்டுங்கள். ஏணிமேல் நின்று அடிப்பதும் வேண்டாம். ட்ரிக்கர் அழுத்தியதும் கன் பின்னால் தள்ளும்.

வாட்டர்சர்வீஸ்:
நிறுத்தும்போது எஞ்சின் முதலில், தண்ணீர் அடுத்து, கடைசியாக ட்ரிக்கரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுவது. உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் ஓடட்டும், இல்லாவிட்டால் வால்வில் உப்பு கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கமாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் டிரெயின் திருகையும் திறந்துவிடுங்கள். இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தில் கிடந்தால் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) அடைக்கும். எஞ்சின் ஆயிலை முதல் 20 மணி நேரத்தில் மாற்றி, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை.