பெர்லின்ல இருக்கிற ஆக்கள் இந்தப் படங்களை ஒருக்கா பாருங்கோ

சித்தப்பா 80களில கிழக்கு ஜெர்மனியின்ர ஷோனெஃபெல்ட் எயார்போர்ட்டில வந்திறங்கி மேற்கு பெர்லின் போய் அசைலம் கேட்டவர், அப்ப அவர் எடுத்த பெர்லின் மதில் படங்களை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறன், எங்க எடுத்ததெண்டு பின்னால ஒண்டும் எழுதேல்லை. முதல் ரெண்டிலயும் பெரிய சொண்டோட தலையள் கீறிக் கிடக்கு, 1984இல மதிலில கீறத் தொடங்கின பிரெஞ்சு ஓவியர் தியரி நுவார்ட வேலை மாதிரித்தான் இருக்கு, அப்பிடியெண்டால் 1984 இல்லாட்டி அதுக்குப் பிறகு. மூண்டாவதில மதிலுக்கு அங்கால ஒரு சேர்ச் டோம் தெரியுது. சென் தோமஸ் சேர்ச்சுக்கும் டோம் இருக்கு, ஆனா அது மேற்குப் பக்கமெல்லோ, அதால இது கிழக்கில இருந்த சென் மிகாயேல் சேர்ச்சா இருக்கும், அப்ப மேற்கு பெர்லின் கிரொய்ஸ்பேர்க்கில லொய்ஷ்னர்டாம் தெருப் பக்கமோ? நாலாவதுதான் சுத்தமாப் பிடிபடேல்லை. ஒராள் கீறினதுக்கு மேல இன்னொராள் கீறுறது அப்ப அங்க வழக்கம், அதால கீறினதை விட்டுட்டு பின்னால தெரியிற கட்டடம், லைட் போஸ்ட் இதுகளைப் பாருங்கோ. தெரிஞ்சவை தெருப்பேரை கமெண்டில போடுங்கோ, சித்தப்பாட்ட கேட்டா "எல்லாம் பெர்லின்தான்டா" எண்டுறார்.