கிளர்பனியா, வீசுபனியா? வானம் தெளிந்த நாளில் வரும் பனிப்புயலுக்கு ஒரு சொல்

பார்கோவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வட டகோட்டா, தென் டகோட்டா, மேற்கு மின்னசோட்டா, கனடாப் பக்கம் மானிட்டோபா ஆகிய வடசமவெளிப் பகுதிகளின் குளிர்கால வானிலைக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப முட்டுகிறது. ஜனவரியில் ஒரு வாரம் பெரும்பாலும் இப்படிப் போகும்.

ஞாயிறு இரவு ஆல்பர்ட்டா கிளிப்பர் ஒன்று வருகிறது. ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து தென்கிழக்கே ஓடும் சின்னத் தாழ்வழுத்தம் அது. ஈரம் குறைவு என்பதால் 5 செ.மீ. பனிதான் விழும். திங்கள் காலை பொழிவு நின்று வானம் நீலமாகிவிடும். அதற்குப் பிறகுதான் வடமேற்குக் காற்று மணிக்கு 60 கி.மீ. எடுக்கும், இன்டர்ஸ்டேட் 29 நெடுஞ்சாலை மூடப்படும். செவ்வாயும் புதனும் ஆர்க்டிக் உயரழுத்தம்: காற்று ஓய்ந்து வெப்பநிலை −32. வியாழன் அடுத்த தாழ்வழுத்தம் நெருங்கும்போது தென்காற்று கிளம்பி, தெற்கே போன பனியில் இறுகாமல் கிடப்பதை வடக்கே திருப்பி அடிக்கும்.

திங்கட்கிழமை நடப்பதற்கு ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் பிளிசார்ட்' என்று பெயர். மேலிருந்து ஒரு துகள்கூட விழுவதில்லை, எல்லாம் தரையில் கிடந்த பனி. ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு உண்மையில் பள்ளத்தாக்கே அல்ல. அகாசிஸ் என்ற பனியூழி ஏரியின் வற்றிய படுகை. மேசைபோல் தட்டை, மரம் குறைவு. காற்றுக்குத் தடையே கிடையாது. மாடியிலிருந்து பார்த்தால் சூரியன் தெரியும், தெருவில் நின்றால் சொந்த வண்டியின் பானட் தெரியாது.

இதற்குப் "பனிப்புயல்" என்று எழுதினால் வாசகர் சன்னல் வழியே அண்ணாந்து பார்க்கிறார். நீல வானம். அறிவிப்பு பொய் என்று நினைத்துச் சாவியை எடுக்கிறார். ஆகவே பனி எங்கிருந்து வருகிறது என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும். முதல் முன்மொழிவாகத் 'தரைப்பனிப்புயல்' என்று வைக்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.

———

மதுரையிலிருந்து:

> தரைப்பனிப்புயல்

நொறுக்கிவிட வேண்டியதுதான் தம்பி. 'தரைப்பனி' என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஊட்டியில் டிசம்பர் கடைசியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனிதான் நினைவுக்கு வரும். அது இருந்த இடத்தில் படிவது. காற்றே இல்லாத இரவில் வருவது. நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

அடிப்படைச் சிக்கல் 'பனி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. முன்பனி, பின்பனி என்று காலத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி, விடியற்காலைப் புகைமூட்டம், உடம்பை உலுக்கும் ஈரக்குளிர், எல்லாம்தான். ஆனால் அதற்காக 'ஸ்னோ'வுக்குத் தனி வேர்ச்சொல் தேட வேண்டாம். முன்னால் ஒரு வினையைச் சேர்த்தால் போதும். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாக அமைத்தால் காலம் காட்டாது, வல்லினமும் மிகாது, வாயிலும் நிற்கும்.

பொழிபனி: மேலிருந்து விழுவது. தவழ்பனி: தரையோடு தரையாக ஓடுவது, 'டிரிஃப்டிங் ஸ்னோ'. 'ப்ளோயிங் ஸ்னோ'வுக்கு வீசுபனி, எழுபனி, கிளர்பனி என்று மூன்று தோன்றுகின்றன. எழுபனியை நானே தள்ளிவிடுகிறேன். எழுபது, எழுகடல் பழகிய கண் அதை ஏழு பனி என்று படிக்கும். 'ஊர்பனி'யும் அப்படித்தான், எந்த ஊர்ப் பனி என்று கேட்பார்கள்.

'பிளிசார்ட்'டுக்கு என் தேர்வு பனிச்சூறை. புயல் என்றால் நமக்கு வங்கக்கடலும் மழையும். சூறைக்காற்று என்றால் காற்றே முதன்மை. அந்த ஆங்கிலச் சொல்லும் பழஞ்சொத்து அல்ல. துப்பாக்கிச் சரமாரியையும் பலத்த அடியையும் குறித்துக்கொண்டிருந்ததை, 1870இல் அயோவாவின் எஸ்தர்வில் ஊர்ச் செய்தித்தாள் ஒன்று பனிக்காற்றுக்குப் பயன்படுத்தியது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. செய்தித்தாள்காரர் செய்ததை நாம் செய்யக்கூடாதா?

———

வின்னிபெக்கிலிருந்து:

வணக்கம் ஐயா. இங்கே எங்கட ஆட்கள் கதைக்கும்போது 'ஸ்னோ கொட்டுது' என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் 'பனிப்பொழிவு' பாவிக்கிறார்கள். இரண்டுமே விழுவதை மட்டும் குறிக்கும், கிளம்புவதற்குச் சொல் இல்லை. அதனால் இந்தத் தேடல் தேவையானது.

'வீசுபனி' வேண்டாம் என்பது என் கருத்து. விழுகிற பனியும் காற்றோடு வீசித்தான் வரும். பிரித்துக் காட்டுவதற்காக உண்டாக்கும் சொல் பிரித்துக் காட்டாவிட்டால் என்ன பயன்? 'கிளர்' என்றால் கீழே கிடந்தது கிளம்பி மேலே வருவது. கிளர்பனிக்கு என் வாக்கு.

தவழ்பனிக்கும் கிளர்பனிக்கும் எல்லையை இப்போதே வரையறுத்துவிட வேண்டும். விமான நிலைய அறிக்கைகளில் டிஆர்எஸ்என், பிஎல்எஸ்என் என்று இரண்டு குறியீடுகள் உண்டு. பனி 6 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 2 மீட்டருக்குக் கீழே ஓடினால் முதலாவது. அதைத் தாண்டி எழும்பினால் இரண்டாவது. ஓட்டுநருக்குப் புரியும்படி சொன்னால், தவழ்பனியில் தெருக்கோடு மறையும், எதிரே வரும் வாகனம் தெரியும். கிளர்பனியில் வாகனமும் மறையும்.

சூறைக்கு மட்டும் எண் வைக்காதீர்கள். அமெரிக்காவில் காற்று மணிக்கு 35 மைல் (56 கி.மீ.), பார்வைத்தூரம் கால் மைலுக்குள், 3 மணி நேரம். எங்கட பக்கம் 40 கி.மீ., 400 மீட்டர், 4 மணி நேரம். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே காற்றுத்தான், வரையறை வேறு. சொல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

———

பார்கோவிலிருந்து:

மதுரை ஐயாவுக்கும் வின்னிபெக் அக்காவுக்கும் நன்றி. தரைப்பனிப்புயலைத் திரும்பப் பெறுகிறேன்.

கிளர்பனி எனக்கும் பிடித்திருக்கிறது, இயற்பியலோடு பொருந்துவதால். புதிதாக விழுந்த உலர்பனி நகரத் தொடங்க, 10 மீட்டர் உயரத்தில் அளக்கும் காற்று விநாடிக்கு 7 முதல் 8 மீட்டர் வேண்டும்; மணிக்கு 28 கி.மீ. அளவு. ஈரப்பனிக்குச் சுமார் 10 மீட்டர். முதலில் துகள்கள் உருளும், பிறகு துள்ளும். துள்ளி விழும் துகள் இன்னும் நான்கைத் தட்டி எழுப்பும். காற்று வலுத்தால் அவை விழாமல் மிதக்கத் தொடங்கும். இந்த மூன்று நிலைகளுக்கும் உருளல், துள்ளல், மிதவல் போதும். அதிகம் யோசிக்க வேண்டாம். காற்றின் வேகம் இரட்டித்தால் பெயரும் பனி ஏறத்தாழ 14 மடங்காகும். 5 செ.மீ. பனிக்கு நெடுஞ்சாலையையே மூடுவது இதனால்தான்.

'பழம்பனி'யையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வெயில் பட்டு மேல்தோல் உருகி மறுபடி உறைந்த பனி ஓடு கட்டிவிடும், 60 கி.மீ. காற்றுக்கும் அசையாது. முன்னறிவிப்பாளர் காற்றை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். கடைசியாக எப்போது விழுந்தது, அதன் பிறகு வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கிளர்பனியின் துகள் பொழிபனியின் துகள் அல்ல. ஆறு கை விரித்த படிகம் துள்ளித் துள்ளிக் கை ஒடிந்து மாவுபோல் ஆகிவிடும். அந்த மாவு ரேடியேட்டர் வலை வழியாக எஞ்சின் அறைக்குள் புகுந்து அடைந்துகொள்ளும், காற்று வடிகட்டியை நனைத்து ஓடும் வண்டியை நிறுத்திவிடும். சிக்கிய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் புகைக்குழாய் வாயைப் பார்த்துப் பார்த்துத் தோண்டிவிட வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். சுவரில் பக்கவாட்டாக நீட்டியிருக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அடுப்பின் புகைக்குழாய்க்கும் இதே கதி.

———

தூத்துக்குடியிலிருந்து:

காற்று குவித்த பனிமேட்டுக்கு யாரும் பெயர் வைக்கவில்லையே. இங்கே அதே வேலையை மணல் செய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று செம்மணலை உருட்டி, துள்ளவிட்டு, குதிரைமொழிப் பக்கம் மேடு மேடாகக் குவிக்கிறது. அதற்குப் பெயர் தேரி. 'ஸ்னோடிரிஃப்ட்' என்பதைப் பனித்தேரி என்றால் என்ன?

———

மதுரையிலிருந்து:

அழகான சொல். ஆனால் தேரி என்றால் தெற்கத்திக்காரர்களுக்கு மட்டுமே புரியும். தஞ்சாவூர்க்காரர் அகராதி புரட்ட வேண்டும். 'பனிமேடு' போதாதா?

———

வின்னிபெக்கிலிருந்து:

போதாது ஐயா. வீதியிலிருந்து வழித்து ஓரத்தில் ஏற்றிய குவியலும் பனிமேடுதான். காற்று கட்டினது வேறு சாமான். புதுப்பனி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். காற்று அடித்து இறுக்கியது 300ஐத் தாண்டும், ஏறி நிற்கலாம். உடைந்த துகள்கள் நெருங்கி உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. பனிவாரி வண்டிக்காரர் குவியல் என்று நினைத்து வேகமாக மோதினால் கத்தி வளையும். அந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல் வேண்டும், தேரி அதைச் செய்கிறது. அறியாத சொல்லைப் படிப்பவர் ஒருமுறை படித்தால் பிறகு அறிந்த சொல்தானே.

வேலிக்கும் இது உதவும். 'ஸ்னோ ஃபென்ஸ்' என்பதைப் பனித்தடுப்பு வேலி என்று எழுதுகிறார்கள். அது தடுப்பதே இல்லை. பாதிக்குப் பாதி ஓட்டை விட்டுத்தான் கட்டுவது. அடியிலும் உயரத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி விட வேண்டும், அல்லது வேலியே புதைந்துபோகும். வேலை காற்றைத் தளரவைப்பது. தளர்ந்த காற்று சுமையைப் பின்னால் இறக்கிவிடும். அந்தத் தேரி உயரத்தைப்போல் 35 மடங்கு நீளம் வரை போகும். 1.2 மீட்டர் வேலி என்றால் சாலையிலிருந்து 42 மீட்டர் தள்ளி நட வேண்டும். கிட்ட நட்டால் தேரியை நாமே சாலையில் கட்டினதாகும். உயரத்தை இரட்டித்தால் பிடிக்கும் பனி நான்கரை மடங்கு. அறுவடையின்போது சோள வரிசைகள் சிலவற்றை வெட்டாமல் விட்டாலும் இதே வேலை நடக்கும். 'தேரிவேலி' என்று வைத்தால் காரியம் பெயரிலேயே விளங்கும்.

சாலையில் பனியை உருக்கத் தூவும் உப்பிலும் இந்தச் சொற்பிரிப்புத் தேவை. பொழிபனிக்கு உப்பு. தெரு காய்ந்து, −9க்கும் கீழே குளிர்ந்து, தவழ்பனி குறுக்கே ஓடினால் உப்புப் போடவே கூடாது. காய்ந்த தெருவில் பனி நிற்காமல் கடந்துவிடும். உப்பு ஈரமாக்கினால் ஒட்டும், ஒட்டினது உறையும். இரண்டையும் 'பனி' என்று எழுதின வழிகாட்டியை ஓட்டுநர் எப்படிப் பின்பற்றுவது?

———

மதுரையிலிருந்து:

தோற்றேன். பனித்தேரி, தேரிவேலி இரண்டும் இருக்கட்டும். காற்று அடிக்கும்போது கூடுதலாக உறைக்கும் குளிருக்கு, அதாவது 'வின்ட் சில்'லுக்கு, நான் 'உணர்குளிர்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

———

பார்கோவிலிருந்து:

உணர்குளிரில் ஒரு சிறு உறுத்தல். அது வெறும் உணர்வு அல்ல, முகத்தோல் வெப்பம் இழக்கும் வேகம். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து சூத்திரத்தை மாற்றியபோது, டொராண்டோவில் 12 பேரைக் குளிர்காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்து முகத்தில் அளந்தார்கள். −25 டிகிரியில் 40 கி.மீ. காற்று அடித்தால் −41 வரும். −40ஐத் தாண்டினால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையும். −28 முதல் −39 வரை 10 முதல் 30 நிமிடம். ஆனால் அந்த −41 தோலுக்கு மட்டும்தான். நிறுத்திவைத்த வண்டியின் எஞ்சின் −25க்குக் கீழே போகாது, விரைவாக அங்கே போய்ச் சேரும், அவ்வளவே. இதைக் குறிப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால் உணர்குளிர் தாங்கும். 'குளிர்காற்றுச் சுட்டெண்' என்பதை யாரும் வாயால் சொல்லப்போவதில்லை.

புதன் காலை காற்றில் மிதந்து மின்னும் பனிக்கட்டிப் படிகங்களுக்கு 'வைரத்தூள்' இருக்கட்டும், சூரியனுக்கு இருபுறமும் 22 டிகிரியில் தெரிபவற்றுக்குப் 'பக்கச்சூரியன்'. கிளிப்பரை மொழிபெயர்க்க வேண்டாம், அது பெயர்.

அளவிலும் ஒன்று. பனியை அளக்க வெளியே வைக்கும் பனிப்பலகையில் காற்று கொண்டுவந்து போட்டது எவ்வளவு இருந்தாலும் பொழிவளவு சுழிதான். பொழிவளவு (புதிதாக விழுந்தது) அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக. கிடப்பளவு (தரையில் மொத்தம் கிடப்பது) முழு அங்குலத்தில். இரண்டையும் 'பனி அளவு' என்று கலக்காதீர்கள்.

மாதிரிக்கு:

"திங்கள் காலை 9 முதல் மாலை 6 வரை கிளர்பனிச் சூறை. புதிய பொழிவு இல்லை, வானம் தெளிந்திருக்கும். வடமேற்குக் காற்று 55–65 கி.மீ. ஊர்களுக்கு வெளியே பனிமூட்டத்தால் பார்வைத்தூரம் 400 மீட்டருக்குள். உணர்குளிர் −41 வரை. கிழக்கு–மேற்குச் சாலைகளின் மரவரிசைத் திறப்புகளில் பனித்தேரி."

———

வின்னிபெக்கிலிருந்து:

'பனிமூட்டத்தால்' என்றதை எடுத்துவிடுங்கள் தம்பி, அது ஃபாக். காற்று 60 அடிக்கிற இடத்தில் மூட்டம் நிற்காது. 'கிளர்பனியால்' என்று போடுங்கள். தேரியும் இடம் மாறியிருக்கிறது. வடமேற்குக் காற்றுக்கு மரவரிசையின் திறப்பில் பனி நிற்காமல் ஓடும். மரத்தின் தென்கிழக்கு மறைவில்தான் இறங்கும்.