தாய்லாந்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை: "விசா இல்லாமல் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். போகலாமா?

பாளை டீச்சர்

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறேன். கோவையில் உள்ள ஓர் ஏஜென்ட் மூலம் தாய்லாந்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைப்பதுபோல் இருக்கிறது. மாதம் 25,000 பாட். நேர்காணல் ஜூமில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் பிலிப்பைன்ஸ் பெண்மணி. உணவுச் சங்கிலியைப் பத்து நிமிடம் நடத்திக் காட்டச் சொன்னார். வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று நடத்திக் காட்டினேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மே மாதப் பள்ளி திறப்புக்கு ஏப்ரலிலேயே வந்துவிட வேண்டுமாம். இந்தியர்களுக்கு 60 நாள் விசா தேவையில்லை, விமான நிலையத்தில் "சுற்றிப்பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் பள்ளியே வேலை விசாவாக மாற்றிக் கொடுத்துவிடும் என்கிறார் ஏஜென்ட். இதை மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்றால் "போனில் பேசிக்கொள்ளலாம் மேடம்" என்கிறார். என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதாசி இல்லாத பேச்சு அவர் காதில் ஏறாது. வீட்டில் தினமும் இதே வாக்குவாதம்.

இன்னொரு சிக்கல். பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. இதனால் பிரச்சினை வருமா? ஏஜென்ட் 1,40,000 ரூபாய் கேட்கிறார். பாதி இப்போதே கட்ட வேண்டுமாம்.

பாங்காக் பாலா

நான் 2016இல் சுற்றுலா விசாவில்தான் வந்தேன். பிறகு லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்குப் போய், அங்கே உள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் நான்-பி விசா, அதாவது வேலைக்கு வருபவர்களுக்கான விசா, வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். வாய்ப்பைக் கைநழுவ விடாதீர்கள்.

கொராட் வாத்தியார்

பாலா சொல்வது அவர் காலத்துக்குச் சரி. இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்ததே 2023 நவம்பரில்தான், அப்போது 30 நாள். 2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளுக்கு 60 நாள் என்று விரித்தார்கள். 2025 மே 1 முதல் விமானம் ஏறும் முன்பே இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2025 நவம்பரில், விசா இல்லாமல் வந்துபோய்க்கொண்டே இருப்பவர்களைக் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பப்போவதாகக் குடிவரவுத் துறை அறிவித்தது. அந்த 60 நாளையே குறைக்க வேண்டும் என்ற பேச்சும் 2025 முழுக்க ஓடியது. வியஞ்சானுக்குப் போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இனி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது டீச்சருக்கு. நான் நக்கோன் ராட்சசிமாவில், நாங்கள் கொராட் என்போம், தனியார் பள்ளி ஒன்றில் பல வருடங்களாக ஆங்கிலம் நடத்துகிறேன். பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். புதிதாக வரும் ஆசிரியர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது என் தலையில்தான் விடிகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஏஜென்ட் சொல்வது முழுப் பொய் இல்லை. விசா விலக்கில் வந்தவர் உள்நாட்டிலேயே நான்-பி விசாவுக்கு மாறச் சட்டத்தில் வழி இருக்கிறது. டி.எம். 87 என்ற படிவம், 2,000 பாட் கட்டணம், தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாள் மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பள்ளி கொடுக்க வேண்டிய காகிதங்கள் இருக்கின்றனவே, அவை நீங்கள் சென்னையிலிருந்து விண்ணப்பித்தாலும் கொடுத்தே ஆகவேண்டிய காகிதங்கள்: பள்ளியின் உரிமம், வேலைக் கடிதம், கல்வி அலுவலகத்தின் கடிதம். பள்ளி அவற்றைத் தயார் செய்யக்கூடியது என்றால் இப்போதே செய்து உங்களுக்கு அனுப்பலாம். இந்தியர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் தாய்லாந்து விசா முழுவதும் இணைய வழிதான். வீட்டில் உட்கார்ந்தே விண்ணப்பிக்கலாம். அதைச் செய்யாமல் "முதலில் வாருங்கள்" என்கிறார்கள் என்றால், காகிதம் கிடைக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

விமான நிலையத்தில் "சுற்றிப்பார்க்க" என்று சொல்லச் சொல்கிறாரே, அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரையும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுக்கும் உங்களை அதிகாரி முன்னால் நிறுத்திப் பொய் சொல்லச் சொல்கிறார். மாட்டினால் அவர் கோவையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

விசா கிடைத்தாலும் உடனே வகுப்பில் நிற்க முடியாது. விசா வேறு, தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதி வேறு. அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம், அதன் பிறகு இரண்டு வருடம் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. வேலை கொடுத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 10,000 முதல் ஒரு லட்சம் பாட் வரை உண்டு. ஆனால் சோதனைக்கு ஆள் வரும் நாளில் "இவர் பயிற்சிக்கு வந்தவர்" என்று கைகழுவிய பள்ளிகளைப் பற்றி இங்கே எல்லா ஆசிரியர் அறையிலும் கதை உண்டு.

மூன்றாவது கதவு குருசபா. ஆசிரியர் உரிமம் தரும் கவுன்சில் அது, 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. உரிமம் இல்லாத வெளிநாட்டவருக்காகப் பள்ளி தற்காலிக அனுமதி கேட்டு வாங்கும். இரண்டு வருடம் செல்லும். அது தனிப்பட்ட உங்களுக்குக் கிடைப்பது இல்லை, அந்தப் பள்ளிக்காகக் கிடைப்பது. ஏஜென்டிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: குருசபா அனுமதிக்கு விண்ணப்பிப்பது எந்தப் பள்ளி? வேலை அனுமதியில் முதலாளி என்று யார் பெயர் வரும்? பதில் சொல்லத் திணறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நம் பாஸ்போர்ட்டுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. வீட்டில் ஷேக்ஸ்பியரை மனப்பாடமாக ஒப்பித்தாலும் சரி. டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பார்கள். உங்களுக்கு அது தூசு. மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் மிகவும் முன்னதாக எழுதிவிடவும் வேண்டாம்.

பெயர் விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் நான் பார்ப்பது இதுதான். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஆதாரில் இன்னொரு வரிசை. எங்கள் அலுவலகப் பெண் ஸ்கேலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவாள். "எஸ்" என்பது "சுப்பையா" என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம் எடுத்து, பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் பல்கலைக்கழகத்திலேயே இனிஷியல் விரிவோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அது பத்திரத்தைவிடப் பலமாக நிற்கும்.

சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வேண்டும். பல நாடுகள் ஒரே முத்திரையில் சான்றிதழை ஏற்கும் அப்போஸ்டில் என்ற முறை உண்டு, இந்தியாவின் அந்த முத்திரையோடு இங்கே முடிவதில்லை, அந்த முறை இந்த நாட்டில் நடைமுறையில் இல்லை. மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகம் என்ற வரிசை. புரொவிஷனல் சான்றிதழை நீட்டாதீர்கள், பட்டமளிப்பு விழாவில் தரும் பட்டம்தான் வேண்டும். காவல்துறைத் தடையின்மைச் சான்று பாஸ்போர்ட் சேவையில் 500 ரூபாய்.

மருத்துவச் சான்று இங்கே வந்து எடுப்பது. தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம் எல்லாம் இல்லை என்று மருத்துவர் எழுதித் தருவார். தெருமுனை கிளினிக்கில் காலைப் பார்த்துவிட்டு "யானைக்கால் இல்லை" என்பார். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பாளை டீச்சர்

சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. அப்பா இரண்டு முறை படித்துவிட்டார். ஏஜென்டிடம் நீங்கள் சொன்னபடி கேட்டேன். முதல் தவணை கட்டிய பிறகுதான் பள்ளியின் பெயரைச் சொல்ல முடியுமாம், போட்டியாளர்கள் தட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். குருசபா எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்கிறார்.

இன்னொன்று. பட்டம் வாங்கிய வருடமே பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா லேமினேட் செய்துவிட்டார். முத்திரை எங்கே குத்துவார்கள்?

தென்கொரியாவிலும் வியட்நாமிலும் சம்பளம் கூடுதல் என்று ஒரு தோழி சொல்கிறாள். அது சரிப்படுமா?

சைகோன் செல்வி

வியட்நாமுக்கு நான் சொல்கிறேன். இங்கே வேலை அனுமதிச் சட்டம் அடிக்கடி புரள்கிறது. 2020இன் 152ஆம் எண் ஆணை, அதைத் திருத்தி 2023இல் 70ஆம் எண், இரண்டையும் தள்ளிவிட்டு 2025 ஆகஸ்ட் 7 முதல் 219ஆம் எண். எந்த வருடத்துக் காணொளியைப் பார்த்துத் தோழி சொல்கிறார் என்று கேளுங்கள். அனுமதி அதிகபட்சம் இரண்டு வருடம், ஒருமுறைதான் நீட்டிப்பு, பிறகு புதிதாக விண்ணப்பம். மொழிப் பயிற்சி மையங்களில் தாய்மொழிக்காரர் அல்லாத ஆசிரியருக்குப் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் தவிர, சி-1 என்ற உயர்நிலை ஆங்கிலச் சான்றும் தேவை. உங்களுக்கு பி.எட். இருப்பது நல்லது. சம்பளம் கூடுதல்தான். விளம்பரத்தில் "தாய்மொழிக்காரர் மட்டும்" என்று போட்டிருந்தால் மனம் தளராமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும், எனக்கு அதுவே பழகிவிட்டது.

கொராட் வாத்தியார்

கொரியாவை நான் முடித்துவிடுகிறேன். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான விசா இ-2. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கும் ஆங்கிலத் துணை ஆசிரியர்களாக ஒரு சிறு கதவு திறந்தார்கள். காகிதத்தில் இருக்கிறது, அதை நம்பி வேலையை விடும் அளவுக்கு அகலமான கதவு இல்லை. அந்த ஏழு நாட்டுக்காரர்களையும் கொரியா லேசாக விட்டுவிடவில்லை. 2007 முதல் குற்றப் பின்னணிச் சான்று, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் கேட்டார்கள். நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் புகாரின் பேரில் ஐ.நா. குழு 2015இல் கண்டித்த பிறகு, 2017இல்தான் அந்த எச்.ஐ.வி. பரிசோதனை போனது.

இனி உங்கள் ஏஜென்ட். பணம் கட்டினால்தான் பள்ளிப் பெயர் என்றால் பள்ளி இருக்கிறதா என்பதே சந்தேகம். ஜூமில் பேசிய பெண்மணி நல்லவராகவே இருக்கலாம். அவர் பெயரும் பள்ளியும் உங்களுக்குத் தெரியாமல் நேர்காணல் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவரும்கூட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 1,40,000 என்ற எண்ணை அப்பாவிடம் சொல்லுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கே புகாரும் கொடுக்கலாம்.

வேலை எந்த மாகாணம் என்றும் கேளுங்கள். தாக் மாகாணம், மே சொட் என்று பதில் வந்தால் அந்த எண்ணையே தடை செய்துவிடுங்கள். அங்கே நல்ல பள்ளிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மியாவாடி. தாய்லாந்து வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைத்துவைத்த இந்தியர்களில் 500க்கும் மேற்பட்டவர்களை 2025 மார்ச்சில் மே சொட்டிலிருந்துதான் விமானப்படை விமானங்களில் ஊருக்கு அழைத்துப்போனார்கள்.

லேமினேட்: வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்து உரிக்கலாம் என்று இணையத்தில் வரும், தொடாதீர்கள். எழுத்தோடு உரிந்து வந்த ஒரு பட்டத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், துணைவேந்தர் கையெழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், இனிஷியல் கடிதத்தையும் அதே நடையில் கேட்டுவிடுங்கள். மே மாதத்துக்குள் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. இங்கே இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்தில், அக்டோபரிலும் ஆள் எடுப்பார்கள். அதுவரை பாளையங்கோட்டை வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்.

பாளை டீச்சர்

இ-மைக்ரேட்டில் தேடினோம் சார், அந்தப் பெயரே இல்லை. அப்பா இப்போது அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், ஒப்புகை அட்டையோடு. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். நகல் பட்டத்துக்குக் காவல் நிலையச் சான்று கேட்பார்களா, அல்லது லேமினேட் செய்த அசலை ஒப்படைத்தால் போதுமா?

கொராட் வாத்தியார்

தொலைந்துபோனால்தான் காவல் நிலையம். உங்களுடையது கையில் இருக்கிறதே. அசலையும் ஜெராக்ஸையும் கொண்டுபோய்த் தேர்வாணையர் பிரிவில் காட்டிக் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது வாங்காமல் அசலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். ஒன்று செய்யுங்கள், அப்பாவையும் கூட்டிப்போங்கள்.