பிள்ளைகளுக்குக் கட்டும் மெயின்டெனன்ஸுக்கு (பராமரிப்புத் தொகைக்கு) சார்ஸில் (தென்னாப்பிரிக்க வரித்துறையில்) வரிக்கழிவு உண்டா?

டர்பன்வாசி:
விவாகரத்து முடிந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் (9, 13 வயது) அம்மாவிடம். என் சம்பளம் மாதம் 30,000 ராண்ட். கோர்ட் உத்தரவுப்படி 7,000ஐ கம்பெனியே பிடித்து அனுப்புகிறது. ஆனால் வரியை 30,000 முழுதுக்கும் போடுகிறார்கள். ஹெச்.ஆர். கணக்கு தப்பா? பிள்ளைகள் என் மெடிக்கல் எய்டில்தான் (மாதச் சந்தா மருத்துவத் திட்டத்தில்) இருக்கிறார்கள். மூவருக்கும் 5,000, என் வங்கிக் கணக்கிலிருந்து டெபிட் ஆர்டரில் போகிறது. பெரியவளுக்குப் பல் கிளிப் போட 22,000 ஆகும். பழைய மெயின்டெனன்ஸ் பாக்கி 20,000 வேறு. அதை டூ-பாட் சேவிங்ஸிலிருந்து (ஓய்வூதிய ஃபண்டில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானையிலிருந்து) எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
ஹெச்.ஆர். போட்டது சரிதான். மெயின்டெனன்ஸ் என்பது வரி போக மிஞ்சிய பணத்திலிருந்து கட்டுவது. கோர்ட் பிடித்தாலும் நீங்களே கட்டினாலும் ஒரு சென்ட் கழிவு கிடையாது. அதற்கு ஈடாக, வாங்கும் அம்மாவுக்கு அதன்மேல் வரி இல்லை. பிள்ளைக்கென்று தனி ரிபேட்டும் (வரித் தள்ளுபடியும்) இங்கே இல்லை. அமெரிக்கக் கதையைப் படித்துவிட்டு ரிட்டர்னில் அதைத் தேடாதீர்கள்.

உங்களுக்குப் பணம் வரக்கூடிய இடம் மெடிக்கல் எய்டு. மார்ச் 2025 – பிப்ரவரி 2026 வரி ஆண்டுக்கு மாத வரிக் கிரெடிட் முதல் இருவருக்குத் தலா 364 ராண்ட், அடுத்தவருக்கு 246. ஆக மாதம் 974, வருடம் 11,688. இது வருமானத்தில் அல்ல, வரியிலேயே நேராகக் குறைவது. அந்த ஆண்டு விகிதப்படி 30,000 சம்பளத்துக்கு மாத வரி சுமார் 4,783. இந்தக் கிரெடிட் போனால் 3,809. நீங்கள் டெபிட் ஆர்டரில் கட்டுவதால் கம்பெனிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐஆர்பி5ல் (கம்பெனி தரும் சம்பள-வரிச் சான்றிதழில்) 4116 என்ற கோடைப் பாருங்கள். இல்லாவிட்டால் ரிட்டர்னில் கேட்டு வாங்குங்கள். ஆட்டோ அசெஸ்மென்ட் (சார்ஸே போட்டு அனுப்பும் வரிக் கணக்கு) வந்ததும் கண்ணை மூடி ஒப்புக்கொள்ளாமல், எய்டு சர்டிபிகேட்டில் உள்ள தொகையும் ஆள் எண்ணிக்கையும் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஃபீனிக்ஸ்_மீனா:
அண்ணா, பல் கிளிப் பில்லை நீங்களே நேராக டாக்டருக்குக் கட்டுங்கள். பிள்ளைகளோட அம்மா கட்டி, நீங்க அவங்களுக்கு அனுப்பினால், சார்ஸ் கண்ணில் கட்டியவர் அவங்கதான். இன்வாய்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்திருங்கள். வெரிஃபிகேஷன் வந்தால் இரண்டையுமே கேட்பார்கள்.

ஆனால் 22,000க்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எய்டுக்குக் கட்டிய 60,000த்தில் கிரெடிட்டின் நாலு மடங்கை (46,752) கழித்தால் 13,248. கிளிப்புடன் 35,248. இதில் வருமானத்தின் 7.5 சதவீதத்தை, அதாவது 27,000ஐ, தாண்டியது 8,248. அதில் கால் பங்கு, 2,062 ராண்ட், வரியில் குறையும், அவ்வளவுதான். எய்டு கிளிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்தால் இன்னும் குறையும். பிள்ளைக்கு ஊனம் இருந்து டாக்டர் ஐடிஆர்-டிடி ஃபார்மில் உறுதி செய்திருந்தால் கணக்கே வேறு, அதில் 7.5 சதவீத வரம்பு இல்லை.

சாட்ஸ்வொர்த்_ராஜா:
ஸ்கூல் ஃபீஸுக்கு 18ஏ சர்டிபிகேட் வாங்கிப் போடலாம் என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம் ராஜா. 18ஏ வரிக்கழிவு நன்கொடைக்கு மட்டும். ஃபீஸ் என்பது பிள்ளை படிப்பதற்குக் கொடுக்கும் விலை, அது நன்கொடை ஆகாது. மாட்டினால் வரியோடு அபராதமும் வரும்.

டர்பன்வாசி, இன்னொன்று. எய்டுக்கும் கிளிப்புக்கும் கட்டுகிறோமே என்று 7,000ஐ நீங்களாகக் குறைக்கக் கூடாது. குறைத்தது அப்படியே பாக்கியாக ஏறும். மாற்ற வேண்டுமானால் மெயின்டெனன்ஸ் கோர்ட்டில் மனு போடுங்கள். 'மருத்துவச் செலவைத் தந்தை நேரடியாகச் செலுத்துவார்' என்று உத்தரவில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

டூ-பாட் பற்றி: வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 எடுக்கலாம். ஆனால் எடுப்பது சம்பளத்தோடு சேர்ந்து வரியாகும். உங்கள் வருட வருமானம் 3,60,000. 2025–26 வரி ஆண்டு விகிதப்படி 3,70,500 வரை 26 சதவீதம், அதற்கு மேல் 31. கையில் 20,000 வர, சுமார் 28,225 எடுக்க வேண்டும். ஃபண்டின் கட்டணம் தனி. சார்ஸுக்குப் பழைய வரி பாக்கி இருந்தால் அதை முதலில் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வரும், எனவே விண்ணப்பிக்குமுன் சார்ஸின் இஃபைலிங் தளத்தில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். என் யோசனை: பாக்கியைத் தவணையில் கட்ட கோர்ட் ஒப்புக்கொண்டால் அந்தப் பானையைத் தொடாதீர்கள்.