புதுப்பிப்பு: சுட்டு விரிக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளில் ஏற்படும் பிளவு

அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பார்க்கர் ஆக்லியின் முறையில் திருத்தி வெட்டிய ரைபிள் சேம்பரில் (சுடும்போது தோட்டா அமர்ந்திருக்கும் அறை), வழக்கமான தோட்டாக்களைச் சுட்டுப் புதிய வடிவுக்கு விரிக்கும்போது சில கூடுகளின் கழுத்தும் (குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய முனை) தோளும் (உடல் கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) பிளப்பதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. பிளந்தவை யாவும் பலமுறை சுடப்பட்டு, மீண்டும் பயன்படுத்துவதற்காகத் திரும்பத் திரும்ப அச்சுக்கருவியில் அழுத்தி வடிவமைக்கப்பட்ட பழைய கூடுகள். 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த இப்பித்தளை ஒவ்வொரு முறை உருமாறும்போதும் இறுகிக்கொண்டே போவதால், தோள் 40 பாகைக்கு எழும்பி, உடலின் சரிவும் குறைய வேண்டிய அந்தக் கணத்தில் அதனால் நீண்டுகொடுக்க முடிவதில்லை. கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதப்படுத்திய பின், அதே தொகுதியில் எஞ்சியவை பிளக்காமல் விரிந்தன. அடிப்பகுதியை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதன் கடினத்தன்மையே.

அடிப்பகுதிக்குச் சற்று மேலே தெரியும் பளபளப்பான வளையத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிளவைவிட நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். தோட்டா முன்பின் அசைய இடமிருந்தால், சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னோக்கி நகர்ந்து, இடைப்பட்ட சுவர் மெலிந்துவிடுகிறது; அந்த வளையம் இதன் அடையாளம். இதைத் தவிர்க்கவே, விளிம்பற்ற (அடியில் வெளியே நீட்டிய விளிம்பில்லாத) தோட்டாக்களுக்கான ஆக்லி சேம்பர்கள் மூலத் தோட்டாவின் சேம்பரைவிட 0.004 அங்குலம் குட்டையாக வெட்டப்படுகின்றன. சேம்பரின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைப் பூட்டும்போது லேசான இறுக்கம் கையில் உணரப்பட வேண்டும். அது இல்லாத ரைபிளைத் தேர்ந்த வல்லுநர் ஒருவர் அளந்து பார்க்கும்வரை அதில் சுட வேண்டாம்.