தண்ணீர் இல்லாத வாசனை மிஷின்: தையல் கடைக்குச் சரிப்படுமா?

தையல்கடை_சுங்கைசிப்புட்:
வணக்கம். கடை வீட்டின் கீழ்த்தளம், 20 அடிக்கு 30 அடி, கூரை உயரம் 10 அடி. ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் வாடை உள்ளே வந்துவிடுகிறது. இப்போது இருப்பது தண்ணீர் ஊற்றும் அல்ட்ராசோனிக் வகை. வாசனை கொஞ்ச நேரம்தான் நிற்கிறது. துணி அலமாரிப் பக்கம் பூஞ்சண வாடை வேறு. எண்ணெயை மட்டும் வைத்து ஓடும் மிஷின் எப்படி வேலை செய்கிறது? பட்டில் கறை படியுமா? மல்லிகை, சாம்பிராணி எண்ணெய் போடலாமா?

காற்றுக்குழாய்:
கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா. கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு மெல்லிய குழாயின் வாய்க்குக் குறுக்கே வேகமாகப் பாயும். அந்த இடத்தில் அழுத்தம் குறையும், டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறிச் சிதறும். இந்த மிஷினும் அதே வேலைதான் செய்கிறது. கைக்குப் பதில் ஒரு சின்ன மின்பம்பு, டப்பாவுக்குப் பதில் எண்ணெய் பாட்டில். சிதறிய துளிகளில் பெரியவை மூடியின் உட்சுவரில் மோதி, மறுபடி பாட்டிலுக்குள்ளேயே வழிந்துவிடும். சில மைக்ரான் அளவுள்ள நுண்துளி மட்டும் வெளியே வரும். அந்த உட்சுவர் அமைப்புதான் நல்ல மிஷினுக்கும் மட்டமான மிஷினுக்கும் உள்ள வித்தியாசம். வாங்கும்போது வாய்ப்பகுதியைக் கழற்றிப் பாருங்கள். நேராக ஓட்டை மட்டும் இருந்தால் பெரிய துளியும் சேர்ந்து வெளியே வரும்.

அல்ட்ராசோனிக்கில் ஒரு தகடு அதிர்ந்து தண்ணீரைப் புகையாக்குகிறது. 100 மில்லி தண்ணீரில் ஐந்தாறு சொட்டு எண்ணெய்தான் போடுகிறோம், அதனால் வாசனை மெலிவு. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது, அதோடு இந்த ஈரமும் சேர்கிறது. மிஷினை மாற்றினால் அது நிற்கும். ஆனால் பூஞ்சண வாடையை எந்த எண்ணெயும் போக்காது, மேலே மூடி மட்டும் போடும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பின்சுவரில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொட்டு_கணக்கு:
எண்ணெய் பற்றி நான் சொல்கிறேன். சாம்பிராணி எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசின். ஊசிமுனை அளவு துவாரத்தில் காய்ந்து இறுகிவிடும். மல்லிகைச் சாறும் கெட்டி, மெழுகு கலந்தது. வெட்டிவேர், சந்தனம் இரண்டையும் தனியாக ஊற்றக்கூடாது. ஆரஞ்சு, யூக்கலிப்டஸ் போன்ற மெல்லிய எண்ணெய் 9 பங்குக்கு வெட்டிவேர் 1 பங்கு கலந்தால் ஓடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் கலந்த எதையும் ஊற்றாதீர்கள். ஆவியாகாத எண்ணெய் பம்பையும் கெடுக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல.

கலப்படம் தெரிய, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். செராய் (எலுமிச்சைப்புல்), ஆரஞ்சு மாதிரி மெல்லிய எண்ணெய் ஏறக்குறைய மறைந்துவிடும். பளபளவென்று எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. (வெட்டிவேருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சுத்தமானதே கறை விடும்.)

செராய் எண்ணெய் இங்கே சுலபமாகக் கிடைக்கும், ஆலை வாடைக்கும் ஈடு கொடுக்கும். ஆனால் காற்றுப் பட்டு நாளானால் பிசுபிசுக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மீதி எண்ணெயை ஊற்றிவிட்டு, பார்மசியில் விற்கும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 5 மில்லி விட்டு, 5 நிமிடம் ஓட்டுங்கள். ஆல்கஹால் புகை தீப்பிடிக்கும்! சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அடைத்த துவாரத்தை ஊசியால் குத்தவே கூடாது. துவாரம் பெரிதானால் துளியும் பெரிதாகிவிடும். முனையைக் கழற்றி ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறப்போட்டால் போதும்.

காற்றுக்குழாய்:
பட்டுக் கறைக்கு வருகிறேன். படியும், கிட்டத்தில் வைத்தால். மிஷினிலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டரில் டிஷ்யூ தாள் விரித்து, ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே புள்ளி விழவில்லையோ அதற்கும் அப்பால்தான் துணி தொங்கலாம். நெஞ்சு உயரத்தில், வாய் துணிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். வார்னிஷ் பூசிய மேசையில் வைப்பதானால் அடியில் பீங்கான் தட்டு அவசியம். பாட்டிலைச் சாய்த்தபடி தூக்காதீர்கள். எண்ணெய் பம்புக் குழாயில் ஏறினால் ரப்பர் உப்பிவிடும்.

தையல்கடை_சுங்கைசிப்புட்:
மிக்க நன்றி. நாள் முழுக்க ஓடவிடலாமா? 10 மில்லி எத்தனை நாள் வரும்?

சொட்டு_கணக்கு:
விடாமல் ஓட்டக்கூடாது. 2 நிமிடம் ஓட்டம், 8 நிமிடம் ஓய்வு என்று தொடங்குங்கள். செலவு மிஷினுக்கு மிஷின் மாறும், அளந்துவிடலாம். பாட்டிலைத் துல்லியத் தராசில் நிறுத்து, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, மறுபடி நிறுங்கள். 0.9 கிராம் குறைந்தால் ஏறக்குறைய 1 மில்லி. 2-8 கணக்கில் மணிக்கு 12 நிமிடம்தான் ஓடுகிறது, அப்போது 0.2 மில்லி. கடை 10 மணி நேரம் திறந்திருந்தால் நாளுக்கு 2 மில்லி, பாட்டில் 5 நாள்.

உள்ளேயே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்குச் சிறிது நேரத்தில் வாசனை தெரியாமல் போகும். வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள், வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். அஞ்சடியில் (கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில்) 10 நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்து முகர்ந்து பார்த்து முடிவெடுங்கள். வாசலைத் தாண்டியதும் லேசாகத் தெரிந்தால் அதுவே சரியான அளவு. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, பூனை, கூண்டுப் பறவை யாராவது கடையில் இருக்கும் நேரம் நிறுத்திவிடுங்கள். மாடியில் பூனை வளர்த்தால் டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள், அது பூனைக்கு விஷம்.