லிப்டன் சீட் வரை ஓடித் திரும்பியவர்கள்: மலை மரதன் அனுபவங்கள்

அப்புத்தளையிலிருந்து ஓர் ஆசிரியர்

சென்ற ஓகஸ்ட் மாதம் நடந்த மலை மரதனில் ஓடியவர்கள், எத்தனை மணித்தியாலத்தில் முடித்தோம் என்பதோடு நிறுத்திவிடாமல், வழியில் கண்டதையும் பட்டதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நானே தொடங்கிவைக்கிறேன். இது பெரிய ஓட்டமன்று. நகரத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி நடத்துவது. தண்ணீர் ஊற்றுபவரும் வழிகாட்டி நிற்பவரும் முடிவுக் கோட்டில் பெயர் குறிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களே. ஆனால் தூரத்தில் குறைவில்லை; 42.195 கிலோமீற்றரும் ஓடியே ஆக வேண்டும்.

பாதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதிகாலை ஐந்தரை மணிக்குப் புகையிரத நிலையத்தின் முன்னால் புறப்பட்டு, முதலில் மேற்கே தங்கமலைக் காட்டோரமாக அடிசம் வரை சென்று திரும்புகிறோம். 1931இல் மாளிகையாகக் கட்டப்பட்டு இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் வாசலை அடையும்போது இருட்டு முழுதாகக் கலைந்திருக்காது. பிறகு நகரத்தை ஊடறுத்துக் கிழக்கே தம்பதென்னை வீதியில் ஏறுகிறோம்; ஒரு புறம் தேயிலை, மறுபுறம் பள்ளத்தாக்கு. தோமஸ் லிப்டன் 1890இல் நிறுவிய தொழிற்சாலையைத் தாண்டியதும் கடைசி ஏழு கிலோமீற்றர் வளைந்து வளைந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்குப் போகிறது. அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரம். உச்சி ஏறத்தாழ 1,970 மீற்றர். உச்சியைத் தொடும்போது 25 கிலோமீற்றர் முடிந்திருக்கும். மீதி 17 கிலோமீற்றர் வந்த வழியே இறக்கம்.

இறக்கம் என்றதும் பலர் மகிழ்கிறார்கள். மூன்று முறை ஓடியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்: இந்த ஓட்டத்தில் ஆளை வீழ்த்துவது இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்குவது உண்மை. ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஒட்சிசனே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிறது. ஆனால் மூச்சு முட்டினால் சற்று நடக்கலாம், மூச்சு திரும்பிவிடும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை முழு உடலையும் தடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் அத்தசையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கிழிகின்றன. அந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் பாடசாலைப் படிகளில் இறங்கும்போதுதான் தெரியும்.

முதல் வருடம் இதை அறியாமல், உச்சியிலிருந்து காலை வீசிப் போட்டு ஓடி வந்தேன். தொழிற்சாலையைக் கடந்து சிறிது தூரம் வருவதற்குள் தொடைகள் நடுங்கி, வீதியோர மதகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மதகுக்கு மேலே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு. அதன் கடைசிக் காம்பராவிலிருந்து வயதான ஓர் அம்மாயி பித்தளைக் கோப்பையில் வெறுந்தேத்தண்ணீருடன் இறங்கி வந்து, என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லிச் சீனி வைத்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த ரேகைகள் அவருடைய விரல்களில் அப்படியே இருந்தன. வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியும் போகவில்லை என்றார். நான் சீனியை நக்கித் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "குதிகாலக் குத்தி எறங்குறீங்க தம்பி. முழங்கால இலேசா மடிச்சு, சின்னச் சின்ன எட்டா வைங்க. கூடையோட நாங்க அப்படித்தான் எறங்குவோம்" என்றார்.

பின்னர் நான் பயிற்சி நூல்களில் வாசித்த அறிவுரையும் இதுவே: அடியைக் குறுக்கு, முழங்காலை மடக்கு, உடலைப் பின்னால் சாய்க்காதே. அதை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அடுத்த இரண்டு வருடங்களும் அந்த மதகருகே நின்றுதான் வந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஆசிரியர் எழுதியதை ஓட்டத்துக்கு முன்பே வாசித்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். எங்கள் ஊரில் ஏற்றமே இல்லை. பண்ணைத் தாம்போதியில் கடற்காற்றை எதிர்த்து ஓடுவதுதான் எனது கடினமான பயிற்சி. வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கிப் பழகிய எனக்குக் குளிர்காற்று இலகுவாக இருக்கும் என்று நம்பினேன்.

என்னைக் கெடுத்தது அந்தக் காற்றேதான். ஓகஸ்டில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வீசும் கச்சான் காற்று வறண்டது. ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவத்தில் தனி மணம் ஏறுவதற்கும் அதே காற்றுத்தான் காரணம் என்று பக்கத்தில் ஓடிய ஒருவர் எனக்குச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் பனியனைப் பிழியலாம். இங்கே இருபது கிலோமீற்றர் ஓடியும் பனியன் காய்ந்தே இருந்தது. வியர்க்கவில்லை என்று எண்ணி இரண்டு இடங்களில் தண்ணீர் வாங்காமலே கடந்துவிட்டேன். வியர்வை வரவர உலர்ந்துகொண்டிருந்தது என்பது, உச்சியில் முகத்தைத் தடவியபோது கையில் உப்பு மணல்போல் உதிர்ந்தபோதுதான் புரிந்தது.

34ஆவது கிலோமீற்றரில் கால்கள் கட்டையாகிவிட்டன. அங்கே கொடி பிடித்து நின்ற பாடசாலைச் சிறுவன் ஒருவன், கொடியைத் தன் நண்பனிடம் கொடுத்துவிட்டு என்னுடன் நடக்கத் தொடங்கினான். அரை மணித்தியாலம் என்னருகே நடந்திருப்பான். அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு வளைவு வரும்போதும், அதற்கு அப்பால் ஏற்றமா இறக்கமா, எவ்வளவு தூரம் என்று மட்டும் முன்கூட்டியே சொன்னான். ஒரு முறைகூடப் பிழையாகச் சொல்லவில்லை. நகரம் தெரியத் தொடங்கியதும், "இனி நீங்க ஓடலாம் சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். பெயரைக் கேட்காமல் விட்டது இன்றுவரை மனத்தை உறுத்துகிறது.

பதுளையிலிருந்து ஒரு தாதி

நான் ஓடவில்லை. தொழிற்சாலைக்கு மேலே முதலுதவி மேசையில் இருந்தேன். மேலே எழுதிய சகோதரர் தண்ணீர் குடிக்காததால் பட்ட துன்பத்தை எழுதியிருக்கிறார். அதற்கு நேரெதிரான ஒன்றையும் நான் அன்று கண்டேன்.

இளைஞர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்ந்தார். இலக்கத்தைக் கேட்டேன், நெஞ்சில் குத்தியிருந்த துணியிலிருந்த இலக்கத்தையே அவரால் சொல்ல முடியவில்லை. விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. உடனிருந்தவர்கள் தண்ணீர் கொடுக்க விரைந்தார்கள். நான் தடுத்தேன். எல்லா மேசைகளிலும் தாராளமாகக் குடித்து வந்ததாக அவருடன் ஓடியவர் சொன்னார். உப்பு வியர்வையாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். அதனால் வரும் தலைச்சுற்றலும் குமட்டலும் நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே தோன்றுவதால், மேலும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மறுநாள் வீடு திரும்பினார் என்று அறிந்தபின்தான் எனக்கு உறக்கம் வந்தது.

ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என் மேசைக்குத் தண்ணீரை மட்டுமே அனுப்பியிருந்தார்கள். பக்கத்து லயத்துப் பெண்கள் உப்பிட்ட அரிசிக் கஞ்சியைப் பெரிய அண்டாவில் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்திராவிட்டால் அந்தக் காலை எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை ஒவ்வொரு மேசையிலும் ஜீவனி என்ற உப்புக் கரைசலோ கஞ்சியோ கட்டாயம் இருக்க வேண்டும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள் என்று தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லவும் வேண்டும்.

கொஸ்லந்தையிலிருந்து

நான் ஒவ்வொரு வருடமும் உச்சியில் ஒரு நிமிடம் நிற்பேன். நேரம் போகிறதே என்று கூட ஓடுபவர்கள் கூப்பிடுவார்கள். காலை ஒன்பது மணியளவில் தெற்கே தாழ்நிலம் சூடேறத் தொடங்க, ஈரக்காற்று மலைமுகத்தில் ஏறிக் குளிர்ந்து மூடுபனியாகிவிடும்; அதற்குப் பிறகு வருபவர்களுக்கு உச்சியில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனக்கு அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான். எந்தத் திசையில் மீரியபெத்தை இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. என் உறவினர்களும் அதற்குள் இருந்தார்கள். அதுவரை நான் மலையைப் பற்றி நினைத்தவன் அல்லன். அது கால் வைக்கும் இடமாக மட்டுமே இருந்தது. இந்த ஓட்டத்தில் பெயர் பதிவதும் உச்சி வரை ஏறுவதும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே. அதற்குப் பிறகு இறங்கும் 17 கிலோமீற்றரும் என் கால்கள் தாமாகவே என்னைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

தம்பதென்னைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து (மகளைக் கொண்டு எழுதுகிறேன்)

நான் பதினேழு வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, உயர்தரம் படிக்கும் என் மகள் இதை எழுத்துத் தமிழில் எழுதுகிறாள். ஓட்டத்தில் பெயர் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து 10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசியச் சாம்பியனான குமார் சண்முகேஸ்வரனின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, "அவர் ஓடினா நீங்களும் ஓடலாம்தானேம்மா" என்றாள். என் வயதில் அது நடக்குமா என்று கேட்டேன். ஒரு நாளில் எத்தனை தடவை மலைக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் ஏறி இறங்குகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

ஓட்டம் சனிக்கிழமை. வேலைக்குப் போகாததால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்கூலி இல்லை. சம்பளம் குறையும் என்பது தெரிந்தே போனேன். என் தம்பியின் சப்பாத்தில் காலுறை இரண்டு சோடி போட்டு இறுக்கிக்கொண்டேன். நகரத்தில் நின்றவர்களின் உடுப்பைப் பார்த்தபோது தயக்கமாக இருந்தது. அடிசம் போய்த் திரும்பும்வரை கடைசி ஆட்களோடுதான் வந்தேன். தம்பதென்னை வீதியில் ஏறத் தொடங்கியதும் எனக்கு மூச்சு சீரானது. அந்த வீதியில் எந்த வளைவில் காற்று அடிக்கும், எந்த மதகில் தண்ணீர் ஒழுகும், எங்கே கல் பெயர்ந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

உச்சிக்குப் போகும் பாதையோரத்து மலையில் எங்கள் ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிரையை விட்டு வீதியோரம் வந்துவிட்டார்கள். படங்கு கட்டிய இடுப்போடும் முதுகில் கூடையோடும் நின்று, "அக்கா, விடாதீங்க" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். கங்காணியும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கையைத் தூக்கினார். அந்த இடத்தில் என் கண் கலங்கியது. நான் நின்றால் அவர்களின் நேரம் வீணாகும் என்று நிற்காமல் ஓடினேன்.

இறக்கத்தைப் பற்றி ஆசிரியர் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள். எனக்கு இறக்கத்தில் கால் வலிக்கவில்லை. பதினேழு வருடங்களில் அந்தப் பாதையில் முதுகில் பாரமில்லாமல் இறங்கியது அன்றுதான். கை எங்கே வைப்பது என்று முதலில் தெரியவில்லை. கூடையின் கயிற்றைத் தேடிக் கை நெற்றிக்கே போனது. பிறகு இரண்டு கைகளையும் வீசி ஓடினேன். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போன பலர் கீழே வீதியோரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணித்தியாலமும் சில நிமிடங்களும் ஆகின. முடிவுக் கோட்டில் மகள் நின்றாள்.

அப்புத்தளை ஆசிரியர், மீண்டும்

யாழ்ப்பாணத்துச் சகோதரருக்கு: அந்தச் சிறுவன் எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். நீங்கள் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். தன்னோடு நடந்த சேருக்கு எத்தனையாம் இடம் கிடைத்தது என்று கேட்டான். அதை எழுதி அனுப்புங்கள்.

தாதியம்மா சொன்னதை ஏற்பாட்டுக் கூட்டத்தில் நான் முன்வைத்துவிட்டேன். அடுத்த வருடம் கஞ்சிக்கான அரிசியை எங்கள் பெற்றோர் சங்கம் பொறுப்பேற்கிறது. வேலை நாளில் ஓட்டம் வைப்பதால் தொழிலாளர்களின் பேர் போகிறது என்பதை நாங்கள் இதுவரை யோசித்துப் பார்க்கவில்லை. தம்பதென்னைச் சகோதரி அதைக் குறையாகச் சொல்லாவிட்டாலும் அது எங்கள் தவறே. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதைப் பற்றி இம்மாதமே பேசுகிறோம்.

சமதரையில் வசிப்பவர்கள் முடிந்தால் ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு வார இறுதியில் வந்து, இறக்கத்தில் மட்டும் மெதுவாக ஐந்தாறு கிலோமீற்றர் ஓடிப் பழகிவிட்டுப் போங்கள். ஒரு முறை வலித்து ஆறிய தசை அடுத்த முறை அவ்வளவு வலிப்பதில்லை. அம்மாயியின் லயம் தொழிற்சாலைக்குக் கீழே, மதகுக்கு மேலே இருக்கிறது. வரும்போது அவருக்குச் சீனி கொஞ்சம் கொண்டு வாருங்கள்.